172 என்று காட்டியது இதயமா, காலா?

முல்லைத்தீவு மாவட்டத்திலிருந்து ஓர் ஆசிரியை நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அவர் கேட்டபடியே ஊரையும் பாடசாலையையும் விட்டுவிட்டு, விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

வயது 48. ஐந்து வருடமாகப் பிரஷருக்குக் கிளினிக் மருந்து எடுக்கிறார்: அட்டெனலோலும் லொசார்டனும். தகப்பனார் 54 வயதில் மாரடைப்பால் காலமானவர். உடம்பு வைத்துவிட்டது, இனியும் சும்மா இருக்கக்கூடாது என்று இந்த வருடம் விடிய ஐந்தரைக்குப் பாடசாலை மைதானத்தில் நடக்கத் தொடங்கி, இப்போது இடையிடையே மெல்ல ஓடவும் செய்கிறார். வவுனியாவில் ஒரு கடையில் மலிவாகக் கிடைத்த, துடிப்புக் காட்டும் கைப்பட்டி ஒன்றையும் வாங்கிக் கட்டினார். ஒருநாள் ஓடும்போது அது 172 என்று காட்டியது. 220-இலிருந்து வயதைக் கழித்தால் வருவதுதான் இதயத்தின் உச்ச எல்லை என்று முந்தின இரவுதான் ஒரு வீடியோவில் பார்த்திருந்தார். கழித்தால் அவருக்கு வருவதும் 172. பயந்து நின்றுவிட்டார். நின்றதும் சில விநாடிகளில் பட்டி 84-க்கு இறங்கிவிட்டது. நெஞ்சு வலி, படபடப்பு, தலைச்சுற்று ஒன்றும் இருக்கவில்லை. ஆனாலும் மூன்று கிழமையாக மைதானத்துப் பக்கம் போகவில்லை. இதற்கிடையில் மகன் விளையாட்டாக அந்தப் பட்டியைத் தண்ணீர்ப் போத்தலில் கட்டிப் பார்க்க, போத்தலுக்கும் 78 என்று துடிப்புக் காட்டியிருக்கிறது.

கனடாவிலுள்ள தம்பி, ஈசிஜி எடுக்கிற அப்பிள் மணிக்கூடு அனுப்புகிறேன் என்கிறாராம். தன் கையில் இருப்பது பத்தாயிரம் ரூபா அளவுதான், நெஞ்சில் கட்டும் பட்டி வாங்குவதா, மணிக்கூட்டுக்கு ஓம் என்று சொல்வதா என்று கேட்கிறார். நெஞ்சுப் பட்டி உடம்புக்குள் கரண்ட் பாய்ச்சுமா என்று ஒரு பயம். 2009-இல் பட்ட ஷெல் துண்டு ஒன்று இடது தோளுக்குக் கீழே இன்னும் எடுக்காமல் இருக்கிறது. கடைசியாக ஒரு வரி: "அட்டெனலோல் துடிப்பைக் குறைக்கும் என்கிறார்கள், ஓடப்போகும் நாட்களில் அதை விட்டுவிடலாமா?"

ரீச்சர், நீங்கள் கடைசியில் எழுதியதற்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். விடக்கூடாது. ஒரு நாளும் விடக்கூடாது. அட்டெனலோலை அப்படித் திடீரென நிறுத்தினால் அதுவரை அடக்கி வைத்திருந்த துடிப்பும் பிரஷரும் ஒரேயடியாக எம்பும். இதய நாளத்தில் அடைப்பு இருப்பவர்களுக்கு அது நெஞ்சு வலியில், மாரடைப்பில்கூடக் கொண்டுபோய் விடலாம். உங்களுக்கு அடைப்பு இல்லை என்று இதுவரை யாரும் பார்த்துச் சொல்லவில்லை. அந்தக் குளிசை ஒத்துக்கொள்ளவில்லை என்றால், வேறு மருந்துக்கு மாற்றும்படி கிளினிக்கில் கேட்கலாம். மாற்றும்போதும் அவர்கள் படிப்படியாகத்தான் குறைப்பார்கள்.

உங்கள் கடிதத்தில் துடிப்பு அளக்கும் கருவியைப் பற்றி இரண்டு பக்கம் இருக்கிறது. குளிசையைப் பற்றி இரண்டே வரி. எனக்கோ அந்த இரண்டு வரிதான் கண்ணில் பட்டது. எந்தக் கருவி வாங்கினாலும், அது காட்டும் எண்ணை எதோடு ஒப்பிடுவது என்பதை அந்தக் குளிசை மாற்றிவிடுகிறது.

'லோல்' என்று முடியும் குளிசைகள்

அட்டெனலோல், பைசோபுரோலோல், மெட்டோபுரோலோல், புரோபிரனலோல் என்று 'லோல்' என முடிகிறவை ஒரே குடும்பம். கார்வெடிலோலும் அவற்றின் உறவுதான். உடற்பயிற்சியின்போது "வேகமாக அடி" என்று நரம்பு அனுப்பும் செய்தியை இவை பாதி வழியில் மறித்துவிடும். அதனால் இருக்கும்போதும் துடிப்புக் குறைவு, ஓடும்போதும் குறைவு. எவ்வளவு குறையும் என்பது ஆளுக்கு ஆள், அளவுக்கு அளவு மாறும். லொசார்டன், அம்லோடிபின் போன்றவை துடிப்பை இப்படிக் கட்டிப்போடுவதில்லை. வைத்தியசாலையில் மருந்து போட்டுத் தரும் கடதாசிப் பையில் பெயர் எழுதியிருக்கும். துடிப்பு அளக்க ஆசைப்படும் எல்லோரும் முதலில் அதை எடுத்துப் பாருங்கள்.

இதில் உங்களுக்கு இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. போனில் உள்ள உடற்பயிற்சிச் செயலிகள் சில, உங்கள் வயதுக்கு நிமிடத்துக்கு 110 முதல் 131 வரை வந்தால்தான் மிதமான பயிற்சி என்று சொல்லும். 172-இன் 64 முதல் 76 வீதம் என்ற கணக்கு அது. அட்டெனலோல் எடுக்கிற ஒருவருக்கு மூச்சு வாங்க வேகமாக நடந்தாலும் 100-ஐத் தாண்டாமல் போகலாம். "இன்னும் வரவில்லையே" என்று எண்ணைத் துரத்திக்கொண்டு ஓடினால் அளவுக்கு மிஞ்சிப் போய்விடுவீர்கள். நீங்கள் எண் கூடிவிட்டது என்று பயந்தீர்கள். எனக்கு இந்த மற்றப் பக்கத்துப் பயமும் இருக்கிறது.

(உங்களுக்குச் சீனி வருத்தம் இல்லை. ஆனால் இதைப் படிக்கிற பலருக்கு இருக்கும். சீனி இறங்கும்போது வருகிற படபடப்பையும் நடுக்கத்தையும் இந்தக் குளிசைகள் மறைத்துவிடக்கூடும். வியர்வை மட்டும் பெரும்பாலும் மறையாது. இன்சுலின் போடுபவர்கள், சீனியை இறக்கும் குளிசை எடுப்பவர்கள் வெறும் வயிற்றோடு ஓடப் போகாதீர்கள்.)

220 எங்கிருந்து வந்தது?

1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஃபொக்ஸ், ஹாஸ்கல் என்ற இரண்டு வைத்திய ஆய்வாளர்கள், ஏற்கெனவே இருந்த சில ஆய்வுகளின் புள்ளிகளைச் சேர்த்துக் கண்மட்டத்துக்கு ஒரு கோடு கீறினார்கள். 220 கழித்தல் வயது அப்படி வந்தது. சுலபமாக இருந்ததால் உலகம் முழுக்கப் பரவிவிட்டது. 2001-இல் இன்னும் கவனமாகச் செய்த கணக்கு 208-இலிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழிக்கச் சொல்கிறது. அதன்படி உங்களுக்கு 174. பெண்களை மட்டும் வைத்து 2010-இல் வந்த கணக்கோ 206-இலிருந்து வயதின் 0.88 மடங்கைக் கழிக்கிறது. அதன்படி 164. ஒரே ஆளுக்கு மூன்று விடை! இவை எல்லாமே சராசரிகள். ஒரே வயதுள்ள, மருந்தே எடுக்காத இரண்டு பேருக்கிடையில்கூடப் பத்து, பன்னிரண்டு துடிப்பு வித்தியாசம் சர்வசாதாரணம்.

ஆகவே 172 என்பது தாண்டினால் இதயம் வெடிக்கும் கோடு ஒன்றுமில்லை. மருந்து எடுக்காத ஒரு சராசரி மனிதர் முழுப் பலத்தோடு ஓடினால் எட்டக்கூடிய உச்சம் என்று ஊகித்த எண், அவ்வளவுதான்.

சரி, உங்கள் பட்டி காட்டிய 172? அது உங்கள் இதயத்தின் எண்ணாக இருக்காது என்றுதான் நினைக்கிறேன். மெல்ல ஓடும் ஒருவர் நிமிடத்துக்கு 160, 170 அடி வைப்பது வழக்கம். கைப்பட்டி பச்சை வெளிச்சத்தைத் தோலுக்குள் விட்டு, இரத்தம் வந்து போகும்போது திரும்பி வரும் வெளிச்சம் கூடிக் குறைவதை எண்ணுகிறது. ஒவ்வோர் அடிக்கும் கை அதிர, பட்டியும் ஆடுகிறது, வெளிச்சமும் சேர்ந்து ஆடுகிறது. மலிவுப் பட்டிக்கு எது துடிப்பு, எது கை வீச்சு என்று பிரித்தறியத் தெரியாது. பலமாக அடிக்கிற தாளத்தைப் பிடித்துக்கொள்ளும். நீங்கள் நின்றதும் கை வீச்சு நின்றது, எண்ணும் விழுந்தது. உண்மையான இதயம் ஓடி முடித்ததும் அப்படிச் சில விநாடியில் பாதிக்கு இறங்காது, ஒன்றிரண்டு நிமிடம் எடுத்து மெல்ல மெல்ல இறங்கும். போத்தலில் 78 காட்டியதும் இதே கதைதான். எங்காவது ஒரு தாளம் இருக்கிறதா என்று தேடிக்கொண்டே இருக்கிற கருவி, இல்லாத இடத்திலும் ஒன்றைக் கண்டுபிடித்துவிடும். நல்ல கம்பனிப் பட்டிகள்கூடச் சில நேரம் இப்படி ஏமாறும், ஆகவே கடைக்காரரோடு சண்டைக்குப் போக வேண்டாம்.

ஆனால் முழுக்க நிம்மதி தந்துவிடவும் நான் தயாரில்லை. திடீரெனத் தொடங்கித் திடீரென நிற்கும் வேகத் துடிப்பு என்று ஒரு வருத்தமும் இருக்கிறது. அது வந்தால் பெரும்பாலும் நெஞ்சுக்குள் படபடவென்று தெரியும், உங்களுக்கு அப்படி ஒன்றும் இருக்கவில்லை. என்றாலும் நடந்ததைக் கிளினிக்கில் சொல்லுங்கள்.

காசில்லாமல் அளப்பது

கருவி வாங்குமுன் இதைப் பழகுங்கள். பெருவிரல் அடியில், மணிக்கட்டின் ஓரத்தில், சுட்டுவிரலையும் நடுவிரலையும் வைத்து நாடியைப் பிடியுங்கள். பெருவிரலால் பிடிக்க வேண்டாம், அதன் சொந்தத் துடிப்புக் குழப்பும். 15 விநாடி எண்ணி நாலால் பெருக்குங்கள். ஒன்று கூடினாலோ குறைந்தாலோ விடையில் நாலு பிசகும், பரவாயில்லை. ஓடி நின்ற உடனேயே எண்ண வேண்டும், தண்ணீர் குடித்துவிட்டு வந்தால் துடிப்பு இறங்கியிருக்கும். கழுத்தில் பிடிப்பதானால் ஒரு பக்கம் மட்டும், அழுத்தாமல். கொரோனாக் காலத்தில் வாங்கிய, விரலில் மாட்டும் ஒட்சிசன் கருவி அலுமாரிக்குள் கிடந்தால் அதுவும் நாடி எண்ணும். ஆனால் நின்று, கையை ஆட்டாமல் வைத்திருந்தால்தான் சரியாகக் காட்டும்.

உங்கள் மருந்தோடு இதைவிட நம்பகமான அளவுகோல் உங்கள் வாய். பக்கத்தில் வருபவரோடு கதைத்துக்கொண்டு போகலாம், ஆனால் தேவாரமோ சினிமாப் பாட்டோ பாட முடியாது என்றால் அதுதான் மிதமான பயிற்சி. நாலு சொல்லுக்கு ஒருதரம் மூச்சு வாங்கினால் கடுமையான பயிற்சி. உலக சுகாதார நிறுவனம் கிழமைக்கு 150 முதல் 300 நிமிடம் கேட்பது இந்த மிதமானதைத்தான். ஐந்து நாள், அரை மணித்தியாலம் என்றால் 150 வந்துவிடும். தனியாக நடப்பவர் யாரோடு கதைப்பது என்று கேட்காதீர்கள், வாய்ப்பாடு சொல்லிக்கொண்டு நடக்க ஒரு ரீச்சருக்கு என்ன வெட்கம்?

வெயிலையும் கணக்கில் எடுங்கள். சோளகக் காற்று வறட்டி அடிக்கிற மாதங்களில் அதே தூரத்தை அதே வேகத்தில் நடந்தாலும் துடிப்புப் பத்துக்கு மேல் கூடிவிடும். உடம்பைக் குளிர வைக்க இரத்தம் தோலுக்குப் போக வேண்டியிருப்பதால் இதயத்துக்கு இரட்டை வேலை. விடிய ஐந்தரை என்ற உங்கள் நேரம் நல்ல நேரம். அதை மாற்ற வேண்டாம்.

அப்படியும் வாங்குவதென்றால்

நெஞ்சுப் பட்டியை வாங்குங்கள், மணிக்கூடு வேண்டாம். மார்புக்குக் கீழே கட்டும் இந்தப் பட்டி, இதயம் ஒவ்வொரு தரமும் சுருங்கும்போது எழும் மின் சைகையைத் தோலிலிருந்து நேராகப் பிடிக்கிறது, ஈசிஜி பிடிப்பது போல. கை ஆடுவது அதை அவ்வளவாகக் குழப்பாது. கம்பியில்லாமல் துடிப்பளக்கும் கருவியை 1980-களின் தொடக்கத்தில் விற்பனைக்குக் கொண்டுவந்த பின்லாந்துக் கம்பனி போலர். அதன் எச்10 என்ற பட்டியோடுதான் மற்றவற்றை ஒப்பிட்டுப் பார்ப்பது வழக்கம். உங்களுக்கு அது தேவையில்லை. மஜீன், கூஸ்போ போன்ற சீனக் கம்பனிகளின் சாதாரணப் பட்டிகள் அதன் விலையில் மூன்றிலொன்று அளவில் கிடைக்கின்றன. மைதானத்தைச் சுற்றி ஓடும் ஒருவருக்கு அவை தாராளமாகப் போதும். உங்கள் பத்தாயிரத்தை அதற்குமேல் நீட்ட வேண்டாம். வாங்கும்போது இரண்டைப் பாருங்கள்: புளூடூத் இருக்க வேண்டும், அப்போதுதான் உங்கள் போனில் இலவசச் செயலியில் எண் தெரியும். பற்றரி நாங்களே மாற்றக்கூடிய வட்டப் பற்றரியாக இருக்க வேண்டும். சி.ஆர். 2032 என்றால் மணிக்கூட்டுக் கடையில் கேட்டாலே தருவார்கள்.

கட்டுமுன் உள்பக்கத்தை வடிவாகத் தண்ணீரில் நனையுங்கள். காய்ந்த பட்டி முதல் பத்து நிமிடம் தாறுமாறாகக் காட்டும், வியர்த்த பிறகுதான் வழிக்கு வரும். வறண்ட நாளில் நைலோன் சேட் உரசினாலும் எண் குதிக்கும், பருத்தி நல்லது. உள்ளாடையின் கீழ்ப்பட்டிக்குச் சற்றுக் கீழே, நழுவாத இறுக்கத்தில் கட்டினால் வெளியே தெரியாது. முடிந்ததும் நடுவிலுள்ள பெட்டியைக் கழற்றிவிட்டுப் பட்டியை நல்ல தண்ணீரில் அலசி நிழலில் போடுங்கள். உப்பு ஊறிய பட்டி சீக்கிரம் செத்துவிடும். புதிதாக வந்ததும் கதிரையில் இருந்துகொண்டு கையால் நாடி பிடித்து எண்ணிப் பாருங்கள், இரண்டும் ஏறக்குறைய ஒத்துப்போக வேண்டும்.

ஷெல் துண்டைப் பற்றிய பயத்தை விட்டுவிடுங்கள். பட்டி உடம்புக்குள் எதையும் அனுப்புவதில்லை. இதயம் தானாக எழுப்பும் சைகையைக் காது கொடுத்துக் கேட்கிறது, அவ்வளவுதான். இலேசாகக் கரண்ட் அனுப்புவது வேறொன்று: ஏறி நின்றால் கொழுப்பு வீதம் காட்டும் தராசு. உங்கள் துண்டு தோளுக்குக் கீழே, பட்டி வருவது அதற்கும் கீழே, ஒன்றையொன்று தொடாது. பட்டி வருகிற இடத்தில் தழும்பு உள்ளவர்கள் அதை இரண்டு விரல் அளவு தள்ளிக் கட்டினால் தொடுகை நன்றாக இருக்கும். ஆனால் எப்போதாவது எம்.ஆர்.ஐ. எடுக்க அனுப்பினால், உடம்பில் இரும்புத் துண்டு இருக்கிறது என்று முதல் வேலையாகச் சொல்லுங்கள். அங்கே அது உண்மையிலேயே ஆபத்து. வன்னியில் எத்தனையோ பேர் தங்கள் உடம்பில் இருப்பதையே மறந்துவிட்டார்கள்.

தம்பியின் மணிக்கூட்டுக்கு வருகிறேன். அப்பிள் மணிக்கூட்டுக்கு அப்பிள் போன் வேண்டும். நீங்கள் வைத்திருப்பது அன்ட்ரொய்ட் என்று எழுதியிருக்கிறீர்கள். பிறகு போனையும் அனுப்பச் சொல்ல வேண்டிவரும். அதிலுள்ள ஈசிஜி துடிப்பின் தாளம் ஒழுங்கா என்று பார்க்க உதவும். மாரடைப்பைக் கண்டுபிடிக்காது, கம்பனியே அப்படித்தான் சொல்கிறது. "வரப்போகிறது என்று முன்கூட்டியே சொல்லுமாம்" என்று நம்பிக் கையில் கட்டிக்கொண்டு, உண்மையாகவே நெஞ்சு இறுகும்போது மணிக்கூட்டைப் பார்த்து "ஒன்றும் காட்டவில்லையே" என்று இருந்துவிடுவதுதான் என் பயம். தம்பிக்கு மனம் நோகாமல் சொல்லுங்கள்: அக்காவுக்கு நல்ல ஓட்டச் சப்பாத்து ஒரு சோடி போதும் என்று.

மீண்டும் ஓடுமுன்

நடையை நாளைக்கே தொடங்கலாம். ஓட்டத்தைக் கிளினிக்குக்குப் போய்வரும் வரை நிறுத்தி வையுங்கள். தகப்பன், சகோதரன் போன்ற நெருங்கிய ஆண் உறவில் 55 வயதுக்குமுன் மாரடைப்பு வந்திருந்தால் அதை வைத்தியர்கள் நாங்கள் தனியாகக் கணக்கில் எடுப்போம், உங்கள் தகப்பனாரின் வயது 54. கிளினிக் கொப்பியில் அது எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பல கொப்பிகளில் இருப்பதில்லை, கேட்கவும் நேரமிருப்பதில்லை, நீங்களாகச் சொல்லுங்கள். கொலஸ்ட்ரோல், வெறும் வயிற்றில் சீனி, ஒரு ஈசிஜி மூன்றும் கேளுங்கள். ஓடாமல், படுத்திருந்து எடுக்கும் ஈசிஜி ஒழுங்காக இருந்தாலும் அடைப்பு இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது. தேவையென்று கண்டால் ஓடும் இயந்திரத்தில் வைத்துச் செய்யும் பரிசோதனைக்கு அவர்களே பெரிய வைத்தியசாலைக்கு எழுதித் தருவார்கள். குளிசையோடு அந்தப் பரிசோதனையைச் செய்தால் உங்களுக்கென்று உண்மையான உச்ச எண் ஒன்று கிடைக்கும். அதன்பின் நெஞ்சுப் பட்டிக்கும் ஒரு அர்த்தம் வரும்.

நடக்கும்போது நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ இடது கைக்கோ முதுகுக்கோ ஓடும் நோ, வழக்கத்துக்கு மாறான மூச்சு முட்டல், குமட்டலோடு குளிர் வியர்வை, கண் இருட்டிக்கொண்டு வருவது, இவற்றில் ஏதாவது வந்தால் உடனே நடையை நிறுத்தி உட்கார்ந்துவிடுங்கள். சில நிமிடத்தில் போகாவிட்டால், அல்லது கடுமையாக வந்தால், 1990-க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் காசு கேட்காது. ஓட்டோ பிடித்து வீட்டுக்குப் போய்ப் படுக்க வேண்டாம். பெண்களுக்கு நெஞ்சு வலியே இல்லாமல் வெறும் மூச்சு முட்டலும் களைப்பும் மட்டும் வருவதுண்டு. "வாய்வு" என்று இஞ்சித் தண்ணீர் குடித்துக்கொண்டு இருந்துவிடுகிறார்கள். கையிலோ நெஞ்சிலோ கட்டியிருக்கிற கருவி அப்போது என்ன எண் காட்டினாலும் அதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

அந்தப் பழைய கைப்பட்டியை எறிந்துவிடாதீர்கள். மகனிடம் கொடுங்கள். அடி எண்ணுவதில் அது திறம் என்று நிரூபித்துவிட்டதே.